பலேனோவா, ஃப்ரான்க்ஸா? ஒரே இன்ஜினுக்கு 85 ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கலாமா

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறோம். வீட்டில் ஆறு பேர், மாதம் சுமார் 1,000 கி.மீ. ஓட்டம். மாருதி பலேனோ டெல்டா எடுக்கலாம் என்று ஷோரூமுக்குப் போனோம். பக்கத்திலேயே ஃப்ரான்க்ஸ் டெல்டா நின்றது. இரண்டும் அதே 1.2 லிட்டர் பெட்ரோல், அதே கியர்பாக்ஸ் என்று விற்பனையாளரே சொல்கிறார். ஆனால் ஃப்ரான்க்ஸுக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் சுமார் 85,000 ரூபாய் அதிகம். பிள்ளைகள் ஃப்ரான்க்ஸ்தான் வேண்டும் என்கிறார்கள். அப்பாவுக்கு மூட்டுவலி. மாதம் ஒருமுறை திம்பம் ஏறித் தாளவாடி போய் வருவோம். அலுவலகத்தில் ஒருவர் "டொயோட்டா கிளான்ஸா எடு, அதுவும் அதே வண்டிதான்" என்கிறார். வெறும் தோற்றத்துக்கு இவ்வளவு கொடுப்பது சரியா?

பதில்: வணக்கம். விற்பனையாளர் சொன்னது உண்மை. இரண்டிலும் இருப்பது 1,197 சிசி, நான்கு சிலிண்டர், 90 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டர் இன்ஜின். அடித்தளம் ஒன்று, வீல்பேஸ் 2,520 மி.மீ. ஒன்று, பெட்ரோல் டேங்க் 37 லிட்டர் ஒன்று. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். முன்னால் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம் சஸ்பென்ஷன். வழக்கமான சர்வீஸ் செலவிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வராது.

ஆனால் நீங்கள் ஒப்பிட்ட விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. டெல்டா என்பது வசதிகளின் ஒரு படிக்கு, அதாவது வேரியன்ட்டுக்கு, வைத்த பெயர். டெல்டாவை டெல்டாவோடு வைத்துப் பார்த்தீர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் அப்படித்தான் தோன்றும். பணத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பலேனோ டெல்டாவுக்கு மேல் இன்னும் 85 ஆயிரம் தரத் தயார் என்றால், ஏறக்குறைய அந்தப் பணத்துக்கே பலேனோவில் ஒரு படி ஏறி ஸீட்டா வேரியன்ட்டுக்குப் போய்விடலாம். அலாய் சக்கரம், எல்இடி ஹெட்லைட், ரிவர்ஸ் கேமரா, பட்டன் ஸ்டார்ட், உயரம் மாற்றக்கூடிய டிரைவர் சீட் எல்லாம் அதில் வந்துவிடும். அதே விலைக்கு ஃப்ரான்க்ஸ் டெல்டாவில் கிடைப்பது வீல் கேப் போட்ட ஸ்டீல் சக்கரமும் ஹாலஜன் விளக்கும். ஷோரூமில் காட்சிக்கு நிற்கும் ஃப்ரான்க்ஸ் பெரும்பாலும் மேல் வேரியன்ட்டாக இருக்கும். பிள்ளைகள் மயங்கியது அதைப் பார்த்தா, டெல்டாவைப் பார்த்தா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரான்க்ஸில் 1.2 இன்ஜின் டெல்டா பிளஸ் வரிசையோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள ஸீட்டா, ஆல்ஃபா இரண்டும் 998 சிசி டர்போ இன்ஜினுக்கு மட்டும். அதனால் 360 டிகிரி கேமராவும் வேண்டும், 1.2 இன்ஜினும் வேண்டும் என்பவர்களுக்குப் பலேனோ ஆல்ஃபாதான் வழி.

அடுத்து, 85 ஆயிரம் என்பது 85 ஆயிரத்தோடு நிற்காது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம். ஆக 85,000-க்கு 11,050 ரூபாய் வரி சேர்ந்து 96 ஆயிரம் ஆகிறது. அதைக் கடனில் போட்டு, 9 சதவீத வட்டியில் ஐந்து வருடம் கட்டினால் மாதத் தவணையில் சுமார் 2,000 ரூபாய் கூடும். மொத்தம் 1 லட்சத்து 20 ஆயிரம். காப்பீட்டு பிரீமியத்திலும் கொஞ்சம் ஏறும், ஏனென்றால் வண்டியின் காப்பீட்டு மதிப்பே கூடுகிறது. மைலேஜில் அரசு சோதனைக் கணக்கு பலேனோ மேனுவலுக்கு லிட்டருக்கு 22.35 கி.மீ., ஃப்ரான்க்ஸுக்கு 21.79. உங்கள் ஓட்டத்துக்கு வருடம் 14 லிட்டர் வித்தியாசம், அதை மறந்துவிடலாம்.

வரி என்றதும் இன்னொன்று. பிள்ளைகள் பேச்சைக் கேட்டு ஃப்ரான்க்ஸின் மேல் வேரியன்ட்களுக்குப் போனால் 10 லட்சம் என்ற கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை ஆயுள் வரி 18 சதவீதம், அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். 9,98,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,740. 10,04,000 ரூபாய் வண்டிக்கு 1,80,720. விலையில் 6,000 கூடினால் வரியில் 51 ஆயிரம் கூடுகிறது. இது போக 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போக வேண்டும். கூரைக்குக் கறுப்பு அடித்த இரட்டை வண்ண வண்டி வேண்டும் என்று கேட்டு, சில ஆயிரம் கூடியதால் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுபவர்கள் உண்டு. கொட்டேஷனில் எக்ஸ்-ஷோரூம் வரியை வண்ணத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி, ஃப்ரான்க்ஸில் கண்ணுக்கு மட்டும் என்ன, காலுக்கும் முதுகுக்கும் என்ன என்று பிரிப்போம். பெரிதாகப் பேசப்படுவது கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி. பலேனோவுக்கு 170 மி.மீ., ஃப்ரான்க்ஸுக்கு 190. இந்த 20 மி.மீ. எங்கிருந்து வருகிறது என்று டயரைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பலேனோ ஸீட்டாவின் டயர் 195/55 ஆர்16, ஃப்ரான்க்ஸுடையது 195/60 ஆர்16. முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீதம் என்பது. பக்கச் சுவர் உயரம் முன்னதில் 107 மி.மீ., பின்னதில் 117. அதாவது வண்டி ஏறியதில் ஏறக்குறைய 10 மி.மீ. டயராலேயே வருகிறது. மீதிப் பாதிதான் சஸ்பென்ஷனில் செய்த மாற்றம்.

"அப்படியானால் பலேனோவில் அந்த டயரைப் போட்டுவிட்டால் போதுமே" என்று டயர் கடையில் சொல்லக்கூடும். வேண்டாம். சக்கரச் சுற்றளவு 3 சதவீதம் கூடிவிடும். ஸ்பீடோமீட்டர் கணக்கும் ஓடோமீட்டர் கணக்கும் மாறும். ஆள் நிறைந்து ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது உள் ஃபெண்டரில் உரசலாம். சஸ்பென்ஷன், வீல் பேரிங் எதிலாவது பழுது வந்து வாரண்டி கேட்டுப் போனால் முதலில் டயர் அளவைத்தான் பார்ப்பார்கள். ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் துண்டு செருகி உயர்த்துவது இன்னும் மோசம். ஸ்பிரிங் சுருள் ஓரிடத்தில் இறுகிப்போய் அதன் பாரம் ஷாக் அப்சார்பருக்கும் மேல் மவுண்டுக்கும் போகும்.

சரி, 190 உங்களுக்குத் தேவையா? அந்த அளவுகள் ஆளில்லாத வண்டிக்கு எடுத்தவை. ஐந்து பேரும் டிக்கியில் பையும் ஏறினால் இரண்டுமே இறங்கும். காகிதத்தை விட்டுவிட்டு, டெஸ்ட் டிரைவுக்கு வரும் வண்டியில் வீட்டு ஆட்கள் ஐந்து பேரை ஏற்றி உங்கள் தெருவில் உள்ள மிக மோசமான ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக நேராக ஏற்றி இறக்குங்கள். பலேனோ அடி தட்டாமல் போனால் உங்களுக்கு 20 மி.மீ.க்கு வேலையில்லை. முன்சக்கரம் இறங்கியபின் நடுவில் உரசுகிறதா, பின்சக்கரம் ஏறும்போது உரசுகிறதா என்று வெளியே ஒருவரை நிறுத்திக் கவனிக்கச் சொல்லுங்கள். வீட்டு வாசல் சாய்தளம் செங்குத்தாக இருந்தால் அங்கே உரசுவது முன் பம்பரின் கீழ் உதடு. அதற்குச் சாய்தளத்தைக் கொஞ்சம் நீட்டிக் கட்டினால் போதும், வண்டியை மாற்ற வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும், யாரும் இதை விற்பனைப் பேச்சில் சொல்வதில்லை. பலேனோ டெல்டாவுக்கு வரும் டயர் 185/65 ஆர்15. அதன் பக்கச் சுவர் 120 மி.மீ. சக்கரத்தின் மொத்த உயரம் ஸீட்டாவின் 16 அங்குலச் சக்கரத்துக்குச் சமம். ஆக 16 அங்குல அலாய் என்பதும் பெரும்பாலும் தோற்றச் செலவுதான். பள்ளத்தில் விழுந்தால் 15 அங்குல டயர் கூடுதலாகத் தாங்கும், ரிம் வளைவது குறையும், டயர் மாற்றும்போதும் செலவு குறையும். ஸ்டீல் ரிம் வளைந்தால் தட்டி எடுக்கலாம். அலாய் விரிசல் விட்டால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

அப்பாவின் மூட்டுவலியை நான் கிளியரன்ஸைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஃப்ரான்க்ஸ் தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்பதால் குனிந்து உட்காருவது கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சம் அவருக்குப் போதுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு டேப் எடுத்துப் போங்கள். முன் இருக்கையின் வெளி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இரண்டு வண்டியிலும் அளந்துகொள்ளுங்கள். வீட்டில் அவர் கைப்பிடி இல்லாமல் வலியின்றி எழும் நாற்காலியின் உயரத்தையும் அளந்து வையுங்கள். எந்த இருக்கை அதற்கு நெருக்கம் என்று பார்த்துவிட்டு, அவரை இரண்டிலும் ஐந்தைந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லோருக்கும் சுலபம்தான். நான்காவது, ஐந்தாவது முறையில் கை எங்கே பிடிமானம் தேடுகிறது என்பதைக் கவனியுங்கள். கதவின் மேல் விளிம்பில் தலை இடிக்கிறதா என்பதையும்.

பின்சீட்டில் நிலைமை தலைகீழ். ஃப்ரான்க்ஸின் வெளி உயரம் 1,550, பலேனோ 1,500. ஆனாலும் ஃப்ரான்க்ஸின் கூரை பின்னால் சரிந்து இறங்குவதால் பின்சீட்டில் உயரமானவர்களுக்குத் தலைக்கு மேல் இடம் குறைவு. பின் கண்ணாடியும் சிறியது, ரிவர்ஸில் பார்வை சுருங்கும். இதுதான் கூபே மாதிரித் தோற்றத்துக்கு உள்ளே கொடுக்கும் விலை. டிக்கி பலேனோவில் 318 லிட்டர், ஃப்ரான்க்ஸில் 308. அது கணக்கிலேயே இல்லை. வீட்டில் ஆறு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஐந்து பேருக்கான வண்டி. எல்லோரும் சேர்ந்து போவது அடிக்கடி என்றால் பேச்சே வேறு, ஏழு பேருக்கான எர்டிகா பக்கம் போக வேண்டியிருக்கும்.

திம்பத்தைப் பற்றி. 27 கொண்டை ஊசி வளைவு, ஐந்து பேர், ஏசி. 1.2 இன்ஜினின் 113 நியூட்டன் மீட்டர் இழுவை 4,400 ஆர்பிஎம்மில்தான் முழுதாக வருகிறது. அதனால் இரண்டாவது கியரில் சுழற்சியைத் தளரவிடாமல் ஏற வேண்டும். வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள், வளைவுக்குள் குறைத்தால் வண்டி திணறும். பலேனோவும் ஃப்ரான்க்ஸும் இதில் ஒன்றேதான். இழுவை போதவில்லை என்று டெஸ்ட் டிரைவில் பட்டால், அப்போதுதான் ஃப்ரான்க்ஸுக்கு உண்மையான காரணம் பிறக்கிறது. அதன் 998 சிசி டர்போவில் 148 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,000 ஆர்பிஎம்மிலிருந்தே கிடைக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர். பலேனோவில் ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும் ஏஎம்டி மட்டும். மேட்டில் நின்று நின்று நகரும்போது ஏஎம்டி குலுக்கும். டர்போ வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது தோற்றத்துக்கு அல்ல, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும். மாதம் ஒருமுறை மலைக்காக அது தேவை என்று நான் சொல்ல மாட்டேன். 1.2 ஏறிவிடும்.

கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பற்றியும் பேசிவிடலாம். ஃப்ரான்க்ஸின் சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழும் ஓடும் அந்தப் பட்டை வண்ணம் அடிக்காத பிளாஸ்டிக். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் சாம்பல் பூக்கும். வாட்டர் வாஷில் பாடி பாலிஷ் போடும்போது அதன் மேல் பட்டால் வெள்ளைத் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு எடுப்பது பாடு. பாலிஷுக்கு முன் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள், பிளாஸ்டிக்குக்கென்று உள்ள டிரிம் டிரெஸ்ஸிங்கை மட்டும் தடவச் சொல்லுங்கள். பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் சேறு தங்கும். மழைக்காலம் முடிந்ததும் ஓரங்களில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அதை ஒருமுறை கழற்றினால் கிளிப்புகள் உடையும். பழைய கிளிப்பையே மாட்டி அனுப்பினால் கொஞ்ச நாளில் கதவு மூடும்போது கடகடக்கும்.

விபத்துக் கணக்கில்தான் இது பணமாக மாறுகிறது. சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு வண்டியின் வயது என்னவானாலும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். தகட்டுக்கு முதல் ஆறு மாதம் கழிவே கிடையாது, ஒரு வருடம் வரை 5 சதவீதம்தான். ஃப்ரான்க்ஸின் முன்புறத்தில் பகல் விளக்கு மேலேயும், உண்மையான ஹெட்லைட் கீழே பம்பருக்குள்ளும் இருக்கிறது. இரு சக்கர வாகனம் மோதுவது அந்த உயரத்தில்தான். பம்பர், பட்டை, விளக்கு மூன்றும் சேர்ந்து பாக பில் 20,000 வந்தது என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் பாதியைக் கழித்து, கட்டாயக் கழிவு 1,000-ஐயும் எடுத்துவிட்டு 9,000 தரும். ஆகவே ஃப்ரான்க்ஸ் எடுத்தால் இந்தத் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப் காப்பீட்டைச் சேர்த்தே ஆக வேண்டும். பலேனோவுக்கும் சேர்ப்பது நல்லது.

ஷோரூமில் இன்னொரு வழியும் காட்டுவார்கள். பலேனோ எடுங்கள், நாங்களே சக்கர வளைவுப் பட்டை, ஸ்பாய்லர், பம்பர் கார்னிஷ் போட்டு எஸ்யூவி மாதிரி ஆக்கித் தருகிறோம் என்பார்கள். பட்டை ஸ்குரூ போட்டு மாட்டுவதா, டேப்பில் ஒட்டுவதா என்று கேளுங்கள். வீல் ஆர்ச் விளிம்பில் துளை போட்டால் அங்கே துரு ஆரம்பிக்கும், அதைக் காட்டித் துரு வாரண்டியையும் மறுக்கலாம். டேப்பில் ஒட்டுவது உள்ளே ஈரத்தைப் பிடித்து வைக்கும். தவிர, பாலிசியில் தனியாகக் குறிப்பிடாத அலங்காரப் பொருளுக்குக் காப்பீடு கிடையாது. இந்தச் செலவுக்கு மறுவிற்பனையில் பத்து பைசா வராது.

மறுவிற்பனை என்பது ஃப்ரான்க்ஸ் பக்கம் பேசும் நேர்மையான வாதம். முன்பு இந்த மாதிரி முயற்சிகள் எல்லாம் தோற்றன. 2013-இல் ஃபோக்ஸ்வேகன் கிராஸ் போலோ, 2014-இல் டொயோட்டா எட்டியோஸ் கிராஸ், ஃபியட் அவெஞ்சுரா, 2015-இல் ஹூண்டாய் ஐ20 ஆக்டிவ். ஹேட்ச்பேக்குக்குப் பட்டையும் ரூஃப் ரெயிலும் போட்டு விலையை ஏற்றினார்கள், ஒன்றும் நிலைக்கவில்லை. அவற்றுக்கே உரிய பம்பரும் பட்டையும் உடைந்தால் இன்றைக்கு அலைய வேண்டும். ஃப்ரான்க்ஸ் அப்படியல்ல. பானெட், முன்முகம், பின்புறம் எல்லாம் தனியாக வடிவமைத்தது, நன்றாக விற்கவும் செய்கிறது. அதனால் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி திரும்பும். எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம். ஃப்ரான்க்ஸ் 2023 ஏப்ரலில் வந்தது. அந்த வருடத்து வண்டிகள் பழைய கார் சந்தைக்கு வந்திருக்கின்றன. ஈரோடு, கோவையில் 2023 பலேனோ டெல்டா, 2023 ஃப்ரான்க்ஸ் டெல்டா, இரண்டும் பெட்ரோல் மேனுவல், முதல் உரிமையாளர், ஓடிய தூரத்தில் வித்தியாசம் 10,000 கி.மீ.க்குள், இப்படி நாலைந்து ஜோடி விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி வித்தியாசம் 50,000 என்று வந்தால், தோற்றத்துக்கான உங்கள் உண்மைச் செலவு 96-லிருந்து 50 கழித்து 46 ஆயிரம், அதோடு வட்டி. பத்து வருடம் வைத்திருந்து ஓட்டுபவர் என்றால் இந்த வாதத்துக்குப் பெரிய எடை இல்லை, அந்த வயதில் எல்லா வண்டியும் நெருங்கிவிடும்.

கிளான்ஸா விஷயம் சுருக்கமானது. கிரில், பம்பர், சக்கர வடிவம், சின்னம் இவற்றைத் தவிர அது பலேனோவேதான், ஃப்ரான்க்ஸுக்கு டொயோட்டாவில் டைசர் இருப்பது போல. ஒரு காலத்தில் கிளான்ஸாவுக்கு வலுவான காரணம் இருந்தது. டொயோட்டா 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. வாரண்டி தந்தபோது மாருதி 2 வருடம் அல்லது 40,000 கி.மீ. மட்டுமே தந்தது. 2024 ஜூலையில் மாருதியும் 3 வருடம், 1 லட்சம் என்று ஆக்கிவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது தள்ளுபடியும், எந்த சர்வீஸ் நிலையம் உங்கள் வீட்டுக்குப் பக்கம் என்பதும். கிளான்ஸா எடுத்துவிட்டு மாருதி பட்டறையில் வாரண்டி வேலை கேட்க முடியாது. கோபியிலிருந்து சர்வீஸுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் பரிந்துரை: அப்பா இரண்டிலும் ஒரே மாதிரி ஏறி இறங்கினால் பலேனோ ஸீட்டா மேனுவல். ஸீட்டாவின் கூடுதல் வசதி தேவையில்லை என்றால் டெல்டாவே போதும், மிச்சப் பணத்தில் ஜீரோ டெப், ஐந்தாவது வருடம் வரை நீட்டிக்கும் வாரண்டி, ஒரு நல்ல ரிவர்ஸ் கேமரா எல்லாம் வந்துவிடும். ஃப்ரான்க்ஸில்தான் அவர் வலியில்லாமல் ஏறுகிறார் என்றால் டெல்டா எடுங்கள், அந்த 85 ஆயிரத்தை நான் தோற்றச் செலவு என்று எழுத மாட்டேன். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகவே எடுப்பதும் தப்பில்லை. ஆனால் அந்தக் கூடுதல் தொகையைக் கடனில் சேர்க்காமல் முன்பணமாகக் கொடுக்க முடிந்தால் மட்டும் எடுங்கள்.

எந்த வண்டியானாலும் புக்கிங்குக்கு முன் கொட்டேஷனில் நான்கு இடத்தைப் பாருங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் என்று ஏதாவது இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். காப்பீட்டை வெளியிலும் விசாரித்து விலையை வைத்துப் பேசுங்கள். அலங்காரக் கிட் கட்டாயம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு ஏர்பேக் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள், கூடவே சேசிஸ் எண்ணைக் கேட்டு வண்டி எந்த மாதம் தயாரானது என்று உறுதிசெய்யுங்கள். 2025 நடுவுக்கு முன் தயாரான கீழ் வேரியன்ட்களில் இரண்டு ஏர்பேக்தான் இருக்கும். பதிவுக்கு முன் யார்டில் நிற்கும்போதே அந்த வண்டியைப் போய்ப் பாருங்கள். நான்கு டயரிலும் தயாரிப்பு வாரம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும், ஓடோமீட்டர் 50 கி.மீ.க்குள் இருந்தால் நல்லது, பம்பர் ஓரத்தில் மறு பெயின்ட் பூச்சு தெரியக் கூடாது. தேர்ந்தெடுத்த வண்டியின் சேசிஸ் எண்ணைப் புக்கிங் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.